ஓடும்போதே டிஸ்க் மாற்றலாம்!

சர்வர் பெட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பஸ்சில் டயர் மாற்ற முடியுமா?

முடியாது. பஸ்சை ஓரமாக நிறுத்த வேண்டும். பயணிகளை இறக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். அதன் பிறகுதான் டயரில் கை வைக்கலாம்.

ஆனால் ஓர் எந்திரம் இருக்கிறது. அது ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு பாகம் கெட்டுப் போகும். எந்திரத்தை நிறுத்தாமலேயே கெட்ட பாகத்தை உருவி எடுப்பார்கள். புதிய பாகத்தைச் செருகுவார்கள். வேலை தடைபடாது.

அந்த எந்திரத்துக்குப் பெயர் சர்வர்.

நீங்கள் பாங்கியில் பணம் எடுக்கிறீர்கள். ரெயிலுக்கு டிக்கெட் பதிவு செய்கிறீர்கள். வெளியூரில் இருக்கும் மகன் அனுப்பிய பேரக்குழந்தையின் படத்தைப் போனில் பார்க்கிறீர்கள். எல்லாம் எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக ஓடும் சர்வர்களில் இருந்துதான் வருகின்றன.

இப்போது சர்வர் என்பது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியது அல்ல. போட்டோ ஸ்டூடியோ, அச்சகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகிய இடங்களிலும் சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்கிறார்கள். வாங்கும்போது கம்ப்யூட்டரின் வேகத்தைப் பார்க்கிறார்கள். டிஸ்கின் அளவைப் பார்க்கிறார்கள். பெட்டியை மட்டும் பார்ப்பது இல்லை. "வெறும் தகரம்தானே!" என்று விட்டுவிடுகிறார்கள்.

அங்கேதான் தவறு நடக்கிறது. ஒரு டிஸ்க் செத்துப் போகும் நாளில், உங்கள் தகவலைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் அந்தத் தகரப் பெட்டிதான்!

டிஸ்க் சாகுமா?

சாகும்.

ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே தட்டுகள் சுழலும் ஒரு சிறிய பெட்டி. சர்வர்களில் உள்ள டிஸ்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும். அதாவது, நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டி முடிப்பதற்குள் பல சுற்றுகள் சுற்றிவிடும். தட்டுக்கு மேலே, அதைத் தொடாமல், ஒரு சின்னஞ்சிறு முனை பறந்துகொண்டே எழுதும்; படிக்கும்.

இப்படி வருடக்கணக்கில் ஓடினால் தேயாமல் இருக்குமா?

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. பிறருடைய கம்ப்யூட்டர் தகவல்களுக்கு நகல் எடுத்துப் பாதுகாத்து வைப்பது அதன் தொழில். தன்னிடம் உள்ள டிஸ்குகள் எப்படி ஓடுகின்றன, எத்தனை சாகின்றன என்று 2013-ம் வருடம் முதல் தினந்தோறும் கணக்கு எடுத்து வெளியிட்டு வருகிறது. 2023-ல் அதன் கணக்குப்படி, வருடத்துக்கு 100 டிஸ்குக்கு 1.7 வீதம் பழுதாயின. 2024-ல் அது 1.57.

"இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் உங்கள் பெட்டியில் 24 டிஸ்க் இருந்தால்? இதே வீதம் தொடர்ந்தால், ஐந்து வருடத்தில் ஒன்றோ இரண்டோ சாகும் என்று எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். "செத்தால் என்ன செய்வது?" என்று கேட்கக்கூடாது. "சாகும்போது என்ன செய்வது?" என்றுதான் கேட்க வேண்டும்.

19 அங்குல அலமாரி

சர்வர்களை மேஜை மேல் வைப்பது இல்லை. உயரமான இரும்புச் சட்டத்தில், அலமாரித் தட்டுபோல ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். இந்தச் சட்டத்துக்கு ரேக் என்று பெயர்.

எந்த நாட்டில் செய்த ரேக் ஆனாலும், அதில் மாட்டும் பெட்டியின் முகப்பு அகலம் 19 அங்குலம்தான். இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த அளவு அல்ல. 1920-களில், அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. டெலிபோன் கம்பெனி தன் நிலையங்களில் கருவிகளை அடுக்கி வைக்கப் பயன்படுத்திய அளவு. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது அதன் அலமாரி!

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒண்ணே முக்கால் அங்குலத்துக்கு ஒரு 'யூ' என்று பெயர். ஒரு பெட்டி '2 யூ' என்றால் மூன்றரை அங்குல உயரம். '4 யூ' என்றால் 7 அங்குலம். ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் பெரிய ரேக்கில் 42 யூ இருக்கும்.

ஆகவே, பெட்டி வாங்கப் போகும்போது கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை யூ வேண்டும்?" என்பதுதான். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். மற்ற விஷயங்களையும் பார்த்துவிடுவோம்.

ஷாக் அடிக்காதா?

ஓடும்போதே டிஸ்கைக் கழற்றுவதற்கு ஹாட்-ஸ்வாப் என்று பெயர்.

மின்சாரம் ஓடும்போது பிடுங்கினால் தீப்பொறி பறக்காதா? டிஸ்க் கருகிவிடாதா? இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

டிஸ்க் செருகும் இடத்தில் வரிசையாகச் சிறு உலோக நாக்குகள் இருக்கின்றன. எல்லா நாக்குகளும் ஒரே நேரத்தில் தொடுவது இல்லை. டிஸ்கை உள்ளே தள்ளும்போது முதலில் 'எர்த்' நாக்கு தொடும். அடுத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் நாக்குகள் தொடும். கடைசியில்தான் முழு மின்சாரமும் பாயும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். எர்த் கடைசியாக விலகும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் தீப்பொறி பறந்து டிஸ்க் கெடும் ஆபத்து தவிர்க்கப்படுகிறது.

எந்திரத்தை நிறுத்தாமல் பாகத்தை மாற்றுவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் 1974-ல் டேண்டம் என்ற கம்பெனி ஆரம்பமாயிற்று. 'நிற்கவே நிற்காத கம்ப்யூட்டர்' செய்வதுதான் அதன் நோக்கம். எல்லாப் பாகங்களையும் இரட்டையாக வைத்தார்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று வேலையை ஏற்றுக்கொள்ளும். அதன் முதல் எந்திரம் 1976-ல் சிட்டி பாங்கிக்குப் போயிற்று.

அது பணக்காரர்களின் எந்திரம். ஏழைக்கும் எட்டும் யோசனை 1988-ல் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற 3 பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். "விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்குக்குப் பதிலாக, மலிவான பல சிறிய டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டலாம். ஒன்று செத்தால், அதில் இருந்த தகவலை மற்றவற்றில் இருந்து திரும்பக் கணக்கிட்டு எடுத்துவிடலாம்" என்பது அதன் சாரம். இதற்கு ரெய்ட் என்று பெயர்.

ரெய்ட் முறையும் ஹாட்-ஸ்வாப் பெட்டியும் மாட்டின் இரண்டு கொம்புகள் மாதிரி. ஒன்று மட்டும் இருந்தால் போதாது. ரெய்ட் இல்லாமல் டிஸ்கை உருவினால் தகவல் போய்விடும். ஹாட்-ஸ்வாப் இல்லாமல் ரெய்ட் மட்டும் இருந்தால், டிஸ்க் மாற்றுவதற்கு எந்திரத்தை நிறுத்த வேண்டும்.

மரத்தில் செய்த பெட்டி

மேலே சொன்ன பேக்பிளேஸ் கம்பெனியின் கதை சுவையானது. பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு அதில் ஒரு பாடமும் இருக்கிறது.

2007-ல் கலிபோர்னியாவில், நண்பர்கள் சிலர் ஓர் அடுக்குமாடி வீட்டில் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். மாதம் 5 டாலர் கொடுத்தால், ஒருவருடைய கம்ப்யூட்டரில் உள்ள எல்லாத் தகவலையும் பாதுகாத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

5 டாலரில் கட்டுப்படி ஆக வேண்டுமே! சந்தையில் இருந்த சேமிப்பு எந்திரங்களின் விலையை விசாரித்தார்கள். தலை சுற்றியது. ஒரு பெட்டாபைட், அதாவது 1,000 டெராபைட், தகவலைச் சேமிக்க வெறும் டிஸ்குகளின் விலை 81 ஆயிரம் டாலர்தான். ஆனால் பெரிய கம்பெனிகளின் எந்திரமாக வாங்கினால் 8 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கு வந்தது.

டிஸ்கின் விலை கொஞ்சம். அதைச் சுற்றி இருக்கும் பெட்டிக்கும் மற்றவற்றுக்கும்தான் இவ்வளவு விலை!

"நாமே செய்வோம்" என்று முடிவு செய்தார்கள். முதலில் மரத்தால் ஒரு மாதிரிப் பெட்டி செய்து பார்த்தார்கள். பிறகு இரும்புத் தகட்டில் செய்து சிவப்பு வர்ணம் பூசினார்கள். 4 யூ உயரம். உள்ளே 45 டிஸ்குகள். மொத்தம் 67 டெராபைட். செலவு 7,867 டாலர். இந்தக் கணக்கில், ஒரு பெட்டாபைட்டுக்கு 1 லட்சத்து 17 ஆயிரம் டாலர்தான் ஆயிற்று.

2009-ம் வருடம் செப்டம்பர் 1-ந்தேதி இந்தப் பெட்டியின் முழு வரைபடத்தையும் உலகத்துக்கு வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார்கள்.

ஆனால் அந்தச் சிவப்புப் பெட்டியில் ஒரு குறை இருந்தது. டிஸ்குகள் முன்பக்கத்தில் இல்லை. பெட்டிக்குள்ளே, செங்குத்தாக, நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒரு டிஸ்கை மாற்ற வேண்டுமானால் பெட்டி முழுவதையும் ரேக்கில் இருந்து வெளியே இழுக்க வேண்டும். மேல் மூடியைத் திறக்க வேண்டும்.

அவர்களுக்கு அது பெரிய குறை அல்ல. அவர்களிடம் ஏராளமான பெட்டிகள் இருந்தன. பழுது பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 2020-க்குப் பிறகு, வெளியே கிடைக்கும் சர்வர்களின் விலை தங்களுக்குக் கட்டுப்படி ஆனதும், அவற்றையே வாங்கத் தொடங்கினார்கள்.

பாடம் என்ன? பெட்டி என்பது அவரவர் தேவைக்கு ஏற்றது. ஆயிரம் பெட்டி வைத்திருப்பவருக்கு மலிவு முக்கியம். ஒரே ஒரு பெட்டி வைத்திருப்பவருக்கு, அந்த ஒன்று நிற்காமல் இருப்பதுதான் முக்கியம். நீங்கள் இரண்டாவது வகை என்றால், முன்பக்கத்தில் இருந்தே டிஸ்கை உருவும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

எத்தனை அறை?

பொதுவாக 1 யூ பெட்டியின் முகப்பில் 4 பெரிய டிஸ்குகள் வைக்கலாம். 2 யூ பெட்டியில் 12. 4 யூ பெட்டியில் 24.

பெரிய டிஸ்கை 'மூன்றரை அங்குல டிஸ்க்' என்று சொல்வார்கள். அளந்து பார்த்தால் அகலம் 4 அங்குலம் இருக்கும்! ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். முன்காலத்தில் மூன்றரை அங்குல பிளாப்பித் தகடு போடும் கருவிக்கு இருந்த இடத்தில் பொருந்துவதால் வந்த பெயர் அது. இரண்டரை அங்குல டிஸ்க் சிறியது. 2 யூ பெட்டியில் 24 சிறிய டிஸ்குகள் வைக்கலாம். படம், சினிமா போன்ற பெரிய தகவல்களை மலிவாகச் சேமிக்க வேண்டுமானால் பெரிய டிஸ்குதான் ஏற்றது.

இன்றைக்கு 6 டிஸ்க் போதும் என்று 6 அறை உள்ள பெட்டி வாங்காதீர்கள். பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது வளரும் பிள்ளை என்று கொஞ்சம் பெரிதாகத் தைப்பது இல்லையா? அதைப்போல 8 அல்லது 12 அறையாக வாங்குங்கள். அதற்காக 24-க்கும் பாய வேண்டாம். டிஸ்க் போடாத அறைக்கும் இடமும் பணமும் போகும்.

இன்னொன்று. 2 யூ பெட்டிக்குள் குட்டையான கார்டுகளைத்தான் நிறுத்தி வைக்க முடியும். 4 யூ பெட்டியில் முழு உயரக் கார்டும் நிற்கும். இடம் இருந்தால் 4 யூ நல்லது.

காற்று வேண்டும்

டிஸ்க் சூடாகும். அநேக டிஸ்குகளுக்கு 60 டிகிரி சென்டிகிரேடுதான் உச்ச வரம்பு. முன்பக்கத்தில் டிஸ்குகளை நெருக்கமாக அடுக்கினால் காற்று நுழைய வழி ஏது? தட்டுகளின் முகப்பில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் நுழைய வேண்டும். டிஸ்குகளுக்குப் பின்னால் நிற்கும் விசிறிகள் காற்றை இழுத்துக் கம்ப்யூட்டரின் மேல் தள்ளும்.

1 யூ பெட்டியில் 40 மில்லி மீட்டர் விசிறிதான் பொருந்தும். சிறிய விசிறி வேகமாகச் சுற்றினால்தான் போதிய காற்று வரும். நிமிடத்துக்கு 10 ஆயிரம் சுற்றுக்கு மேலும் போகும். சத்தம் காதைத் துளைக்கும். 4 யூ பெட்டியில் 120 மில்லி மீட்டர் விசிறி வைக்கலாம். அது நிதானமாகச் சுற்றினாலே போதும். சத்தம் குறைவு.

ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையில் சர்வர் வைப்பதாக இருந்தால் இதை மறந்துவிடாதீர்கள். கடையில் பெட்டியை ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

டிஸ்க் போடாத அறையைத் திறந்து போடக்கூடாது. காற்று அந்த ஓட்டை வழியே சுலபமாகப் போய்விடும். டிஸ்க் உள்ள பக்கம் போகாது. காலி அறையிலும் வெறும் தட்டைச் செருகி மூடி வையுங்கள்.

முதுகுப் பலகை

டிஸ்கை உள்ளே தள்ளியதும், பின்னால் நிற்கும் ஒரு பலகையில் போய் அது பொருந்துகிறது. இதற்கு பேக்பிளேன் என்று பெயர். முதுகுப் பலகை என்று சொல்லலாம். மின்சாரமும் தகவலும் இதன் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகின்றன. பெட்டியின் உயிர்நாடியே இதுதான். வாங்கும்போது 3 விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது: இது சாட்டா பலகையா, சாஸ் பலகையா? இவை டிஸ்குகளின் இரண்டு சாதிகள். சாஸ் பலகையில் இரண்டு வகை டிஸ்கும் பொருந்தும். சாட்டா பலகையில் சாஸ் டிஸ்க் பொருந்தாது. ஆகவே, சாஸ் பலகை நல்லது.

இரண்டாவது: எத்தனை கேபிள்? சாதாரணமாக ஒரு கேபிள் 4 டிஸ்குகளைக் கவனிக்கும். 24 டிஸ்குக்கு 6 கேபிள்கள் வேண்டும். சில பலகைகளில் எக்ஸ்பேண்டர் என்ற சில்லு இருக்கும். அதில் ஒன்று அல்லது இரண்டு கேபிள் போதும். ஒரே பாதையைப் பல டிஸ்குகள் பங்கு போட்டுக்கொள்ளும். வயர் குறையும், ஆனால் அந்தச் சில்லு கெட்டால் அதை நம்பி இருக்கும் டிஸ்குகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

மூன்றாவது விஷயம் பலரை ஏமாற்றியிருக்கிறது. புது டிஸ்க் வாங்கி வந்து பழைய பெட்டியில் செருகுவார்கள். டிஸ்க் சுழலாது. "செத்த டிஸ்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். டிஸ்க் மேல் குற்றம் இல்லை. 2016-ல் வந்த புதிய சாட்டா விதிப்படி, மின் இணைப்பின் 3-வது நாக்குக்குப் புதிய வேலை கொடுக்கப்பட்டது. அதில் மின்சாரம் வந்தால் 'நில்!' என்று அர்த்தம். சில பழைய பலகைகள் அந்த நாக்கில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்கும் நின்றுகொண்டே இருக்கும். பழைய பெட்டியை மலிவாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரமும் எடையும்

மாட்டு வண்டியை நகர்த்தும்போதுதான் மாட்டுக்குக் கஷ்டம். ஓட ஆரம்பித்துவிட்டால் சுலபம். டிஸ்கும் அப்படித்தான். சும்மா சுழலும்போது ஒரு பெரிய டிஸ்குக்கு 5 அல்லது 6 வாட் போதும். நின்ற நிலையில் இருந்து கிளம்பும் சில வினாடிகளில் 25 வாட் வரை இழுக்கும். 24 டிஸ்கும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சுமார் 600 வாட்! கம்ப்யூட்டருக்கு வேண்டியது தனி. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதற்கு ஏற்ற பவர் சப்ளை வேண்டும்.

பவர் சப்ளையும் இரட்டையாக இருப்பது உத்தமம். ஒன்று கெட்டால் மற்றொன்று முழுப் பாரத்தையும் சுமக்கும். கெட்டதை ஓடும்போதே உருவி மாற்றலாம். டிஸ்க் எல்லாம் ஹாட்-ஸ்வாப். பவர் சப்ளை மட்டும் ஒற்றை என்றால், கோட்டைக்கு மதில் கட்டிவிட்டு வாசலைத் திறந்து போட்ட கதைதான்.

எடையையும் யோசியுங்கள். ஒரு பெரிய டிஸ்க் சுமார் 700 கிராம். 24 டிஸ்க் மட்டுமே ஏறக்குறைய 17 கிலோ. பெட்டியின் எடை தனி. முதலில் காலிப் பெட்டியை ரேக்கில் மாட்டுங்கள். பிறகு டிஸ்குகளைச் செருகுங்கள். ரேக்கின் அடிப்பகுதியில் மாட்டுங்கள். மேலே மாட்டினால் ரேக் தலைகனத்துச் சாயும். இழுத்து வெளியே எடுக்க உதவும் ரெயில் எனப்படும் தண்டவாளப் பட்டைகள் அந்தப் பெட்டிக்கென்றே கிடைக்கின்றனவா என்று கேளுங்கள்.

ரேக்கின் ஆழத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். முகப்பு எல்லாம் 19 அங்குலம்தான். நீளம் அப்படி அல்ல. 24 டிஸ்க் பெட்டி 650 முதல் 700 மில்லி மீட்டர் வரை நீளம் இருக்கும். சுவரில் மாட்டும் சிறிய ரேக்கில் அது நுழையாது.

"அண்ணே, எந்த டிஸ்க்?"

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

ஒரு போட்டோ ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடக் கல்யாணப் படங்கள் அதன் சர்வரில் இருக்கின்றன. 8 டிஸ்குகள். ஒன்று செத்தாலும் தாங்கும்படி ரெய்ட் கட்டி இருக்கிறார்கள்.

ஒரு நாள் ஒரு டிஸ்க் செத்துவிட்டது. முதலாளி வெளியூரில் இருக்கிறார். கடைப் பையன் போனில் கூப்பிடுகிறான்.

"அண்ணே, டிஸ்க் 4 போச்சுன்னு திரையில வருது."

"புது டிஸ்க் மேஜையில இருக்கு. நாலாவதைக் கழற்றிட்டு அதைப் போடு, தம்பி."

பையன் இடது பக்கம் இருந்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உருவினான்.

எல்லாப் படமும் மறைந்துவிட்டது!

ஏன்? பையன் ஒன்றில் இருந்து எண்ணினான். கம்ப்யூட்டர் பூஜ்யத்தில் இருந்து எண்ணியது. கம்ப்யூட்டருக்கு 'டிஸ்க் 4' என்றால் ஐந்தாவது அறை. பையன் உருவியது நல்ல டிஸ்கை. ஏற்கெனவே ஒன்று செத்துவிட்டது. இப்போது இரண்டாவதும் போய்விட்டது. ஒன்றைத்தான் தாங்கும் என்று கட்டிய ரெய்ட், இரண்டை எப்படித் தாங்கும்?

உடனே எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு விஷயம் தெரிந்தவரைக் கூப்பிட்டால் மீட்க வழி உண்டு. பதற்றத்தில் மேலும் இரண்டை உருவிப் பார்த்தால், பத்து வருடக் கல்யாணங்களும் போயின.

இது பையன் தவறா? பாதிதான். மீதி அந்தப் பெட்டியின் தவறு.

நல்ல பெட்டியில் ஒவ்வோர் அறைக்கும் விளக்கு உண்டு. வேலை செய்யும்போது ஒரு விளக்கு மினுங்கும். பழுதானால் வேறு நிறத்தில் ஒரு விளக்கு எரியும். உட்கார்ந்த இடத்தில் இருந்தே குறிப்பிட்ட அறையின் விளக்கை மட்டும் மினுக்கிக் காட்டும் வசதியும் உண்டு. மலிவான சில பெட்டிகளில் விளக்கு இருக்கும். பழுது விளக்குக்கு இணைப்பு இருக்காது. வாங்கும்போது, "பழுது விளக்கு எரியுமா? எரிய வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்னொரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்கின் மேலும் அதன் தனி எண் அச்சிட்டிருக்கும். அதைச் சிறு காகிதத்தில் எழுதி, அந்தத் தட்டின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். காசு செலவு இல்லை. கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணும், ஒட்டிய எண்ணும் ஒன்றா என்று பார்த்து உருவினால் தவறே நடக்காது.

உருவுவதிலும் ஒரு முறை உண்டு. பிடியை விடுவித்து ஓர் அங்குலம் மட்டும் இழுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். சுழல்வது நின்ற பிறகு முழுவதும் எடுங்கள். சுழலும் டிஸ்கை ஆட்டக்கூடாது.

தட்டையும் கவனிக்க வேண்டும். ஒரு கம்பெனியின் தட்டு இன்னொரு கம்பெனியின் பெட்டியில் பொருந்தாது. பெட்டி வாங்கும்போதே இரண்டு தட்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். சில வருடம் கழித்து அந்த மாதிரி கிடைக்காமல் போகலாம். இப்போது வரும் பெரிய கொள்ளளவு டிஸ்குகள் பலவற்றில் நடு திருகு ஓட்டை இருப்பது இல்லை. ஓரத்து ஓட்டைகளிலும் திருக இடம் உள்ள தட்டுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி மட்டும் போதாது

புது டிஸ்க் போட்டதும் ரெய்ட் அதில் பழைய தகவலை எழுத ஆரம்பிக்கும். 20 டெராபைட் டிஸ்க் என்றால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் செத்தால்? ஆகவே, அறைகள் அதிகம் உள்ள பெட்டியில் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்ட் கட்டுவது புத்திசாலித்தனம்.

அப்போதும் ஒன்றை மறக்கக்கூடாது. ரெய்ட், டிஸ்க் சாவில் இருந்துதான் காப்பாற்றும். தீயில் இருந்து காப்பாற்றாது. கை தவறி அழித்துவிட்டால் காப்பாற்றாது.

2021-ம் வருடம் மார்ச் 10-ந்தேதி, பிரான்சு நாட்டின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் ஐந்து மாடி சர்வர் கட்டிடம் தீப்பிடித்து எரிந்து நாசமாயிற்று. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். வைக்காதவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். அங்கே இருந்தவை சாதாரணப் பெட்டிகள் அல்ல. இருந்தும் என்ன பயன்?

பெட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும், ஒரு நகல் வேறு ஊரிலோ வேறு கட்டிடத்திலோ இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

1. ரேக்கின் ஆழம் என்ன? பெட்டியின் நீளம் என்ன?

2. டிஸ்க் முன்பக்கத்தில் இருந்து வருமா? எத்தனை அறை?

3. முதுகுப் பலகை சாஸ் வகையா? 3-வது நாக்குச் சிக்கல் உண்டா?

4. பழுது விளக்கு எரிகிறதா?

5. விசிறி என்ன அளவு? சத்தம் எப்படி?

6. பவர் சப்ளை இரட்டையா?

7. கூடுதல் தட்டும் ரெயிலும் கிடைக்குமா?

இந்த ஏழுக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டெப்னி இல்லாமல் எந்த டிரைவரும் பஸ்சை வெளியூருக்கு எடுக்கமாட்டார். நீங்களும் பெட்டி வாங்கும் அன்றைக்கே ஒரு டிஸ்க் கூடுதலாக வாங்கி, தட்டில் பொருத்தி, பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு நாள் நடுராத்திரியில் பழுது விளக்கு எரியும். அப்போது எந்தக் கடையும் திறந்திருக்காது.